முப்பத்தொன்பது புள்ளி எங்கே போனது?

மருதானை ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள தேநீர்க்கடைகளில் கிரிக்கெட் பேச்சுக்கு நடுவே எப்போதாவது கூடைப்பந்தும் தலைகாட்டும். அக்கம்பக்கம் அப்படி. டார்லி வீதியில் புனித ஜோசப் கல்லூரி, கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரி என்று பாடசாலைக் காலத்தில் அந்தப் பந்தைத் தட்டி வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் 2019 டிசம்பரைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். நேபாளத்தில் தென்னாசிய விளையாட்டு விழா, ஆண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டி. இந்தியா 101, இலங்கை 62. நமக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆனால் பேச்சில் வெள்ளி வராது, 39 தான் வரும்.

"முப்பத்தொன்பதால தோத்திட்டு பதக்கம் வேற" என்பார் ஒருவர். "அவங்களும் கொஞ்சம் பார்த்து அடிச்சிருக்கலாம்" என்பார் இன்னொருவர். "எல்லாம் உயரம் மச்சான், உயரம்" என்று மூன்றாமவர் பிளேன்டீயை முடிப்பார். மூன்று பேர் சொல்வதும் முழுக்கப் பிழையில்லை. ஆனால் அந்த 39 எப்படி உண்டானது என்பதை மூவருமே தொடவில்லை.

கூடைப்பந்தில் ஒரு அணி போட்டாலோ, தவறவிட்டு எதிரணி பந்தைப் பிடித்தாலோ, பந்து மற்ற அணியின் கைக்குப் போகிறது. ஒரு தடவை பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். சர்வதேச ஆட்டம் 40 நிமிடம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஏறத்தாழ 70 முதல் 80 தடவை பந்து கிடைக்கும். கணக்குக்காக 78 என்று வைத்துக்கொள்வோம். 101 புள்ளி எடுத்த அணி ஒரு தடவைக்குச் சராசரியாக 1.3 புள்ளி எடுத்திருக்கிறது. 62 எடுத்த அணி 0.8. வித்தியாசம் வெறும் அரைப் புள்ளி.

அரைப் புள்ளி என்றால் என்ன? நான்கு தடவை பந்து வரும்போது ஒரே ஒரு கூடை கூடுதலாகப் போடுவது. அவ்வளவுதான். நான்கில் மூன்று தடவை இரு அணிகளும் சமமாகவே ஆடியிருக்கலாம். நான்காவதில் ஒரு பாஸ் கை நழுவியது, அல்லது ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை எதிராளி முதலில் எட்டினான். பக்கத்தில் இருந்து பார்த்தால் சின்ன விஷயம். அதையே 78 தடவை பெருக்கும்போது 39 ஆகிவிடுகிறது. அதே விழாவில் பெண்கள் பிரிவில் இந்தியா நேபாளத்தை 127க்கு 46 என்று வென்றது. 81 புள்ளி வித்தியாசம். அதையும் இதே கணக்கில் போட்டால், இரண்டு தடவைக்கு ஒரு கூடை கூடுதல்.

இத்தனை தடவை பந்து மாறுவதால் அதிர்ஷ்டத்துக்கு இந்த ஆட்டத்தில் இடம் குறைவு. உதைபந்தாட்டத்தில் 90 நிமிடமும் அடிவாங்கிவிட்டு ஒரே ஒரு கோர்னர் கிக்கில் வென்றுவிடலாம். கூடைப்பந்தில் அது நடக்காது. ஒரு கூடை அதிர்ஷ்டத்தில் விழலாம், ஐந்து விழலாம், நாற்பது விழாது. பலமான அணி தன் பலத்தைக் காட்ட 78 தடவை வாய்ப்புக் கிடைக்கிற ஆட்டம் இது.

இன்னொன்று, கிரிக்கெட் மாதிரிக் கூடைப்பந்து ஆட்டம் முன்கூட்டியே முடியாது. மருதானையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கெத்தாராமை பிரேமதாச மைதானம். 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை அங்கே 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட், மொத்தம் ஆறு. இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 129 பந்து. அது 39 புள்ளித் தோல்வியைவிடப் பல மடங்கு ஒருபக்கமான ஆட்டம் என்பது என் கருத்து. ஆனால் கிரிக்கெட்டில் இலக்கை எட்டியவுடன் எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போகலாம். கூடைப்பந்தில் 30 புள்ளி பின்னால் இருந்தாலும் கடைசி வினாடி வரை நின்று ஆட வேண்டும், ஸ்கோர் போர்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பலவீனமான அணி உடைகிற இடம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் கூடைக்கு அடியில் என்பார்கள். உண்மையில் அது பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு முன்பே நடந்துவிடும். எதிரணி ஒரு கூடை போட்டுவிட்டது. நம் ஆள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே கொடுக்கிறார். வாங்கியவர் 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணி பின்வாங்காமல் அங்கேயே மறிக்கிறது. ஓரத்துக்கு ஒதுக்கி, இரண்டு பேர் சேர்ந்து அவரை அடைக்கிறார்கள். பக்கக்கோடு மூன்றாவது தடுப்பாளர் மாதிரி நிற்கிறது. அவர் பதறித் தலைக்கு மேலே பந்தை எறிகிறார். அதை எதிர்பார்த்தே ஒருவன் நடுவில் காத்திருக்கிறான். இரண்டு எட்டில் இன்னொரு கூடை. மறுபடியும் நம் ஆள் எல்லைக்கோட்டுக்கு வெளியே. இப்படி மூன்று நிமிடம் ஓடினால் போதும், 12 புள்ளி போய்விடும். இதை ஆங்கில வர்ணனையாளர்கள் ரன் என்பார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கா அங்கோலாவுக்கு எதிராக ஒரு கட்டத்தில் 46க்கு 1 என்று ஓடியது. அந்த ஒரு புள்ளிகூட சார்ள்ஸ் பார்க்லி முழங்கையால் இடித்ததற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ. ஆட்டம் 116க்கு 48 என்று முடிந்தது.

உயரம் பற்றிச் சொன்னவருக்கு வருவோம். உயரம் வேண்டும்தான், ஆனால் உயரத்தால் என்ன கிடைக்கும் என்பதை ஆட்டத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன. வலைப்பந்தில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், 6 அடி 10 அங்குலம், வளையத்துக்கு அடியில் நின்று மேலே வரும் பந்தை வாங்கியபோது எதிரணி செய்வதற்கு அதிகம் இருந்ததில்லை. எறிபவரிடமிருந்து தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. வட்டத்துக்குள் எவ்வளவு நேரமும் நிற்கலாம். 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்துச் சம்பியன் ஆனபோது இறுதிப்போட்டியில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது. அன்று ஒருபக்கமாக வென்றது நாங்கள், தேநீர்க்கடையில் யாரும் சிங்கப்பூருக்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கூடைப்பந்திலும் வளையம் அதே 3.05 மீற்றர் உயரம்தான். ஆனால் தாக்கும் அணியின் ஆள் கூடைக்கு அடியிலுள்ள கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது, தடுப்பவர் உடம்போடு ஒட்டி நிற்கலாம். அதனால் ஒரு நெட்டை ஆளை வைத்துக்கொண்டு மட்டும் தப்ப முடியாது. பந்தைக் கொண்டுவருபவர், தூரத்திலிருந்து எறிபவர், அவர்கள் களைத்தால் இறங்க இன்னும் ஏழு பேர் வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து ஃபவுல், அதோடு வெளியே. முதல் ஐவர் இந்தியாவுக்கு ஈடுகொடுத்தாலும் அடுத்த ஐவர் இறங்கும்போதுதான் வித்தியாசம் விரியும்.

இனி, பார்த்து அடித்திருக்கலாம் என்கிற முறைப்பாடு. இதில் நியாயம் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. குழுநிலைப் போட்டிகளில் இரண்டு மூன்று அணிகள் ஒரே எண்ணிக்கையில் வென்றிருந்தால், அவை தமக்குள் மோதிய ஆட்டங்களின் வெற்றி தோல்வியைப் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். அதற்கும் பிறகு குழுவின் எல்லா ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். ஆகவே 25 புள்ளி முன்னணியில் இருக்கும் பயிற்றுநர் நிறுத்துங்கள் என்று சொல்லத் தயங்குவார். இறுதிப்போட்டியில் அந்தக் காரணம் இல்லை. அங்கே கண்ணியம் வேறு விதமாக வெளிப்படும்: முழு மைதானத்திலும் மறிப்பதை நிறுத்துவார்கள், முதல் ஐவரை உட்கார வைப்பார்கள். வேண்டுமென்றே தவறவிடச் சொல்ல மாட்டார்கள். அது எதிராளிக்கு இன்னும் பெரிய அவமானம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கா நைஜீரியாவை 156க்கு 73 என்று வென்றபோது உலகமெங்கும் இதே வாக்குவாதம் நடந்தது. கார்மெலோ அன்தனி வெறும் 14 நிமிடம் ஆடி 37 புள்ளி எடுத்தார், மூன்று புள்ளி எறிகள் பன்னிரண்டில் பத்து விழுந்தன. கடைசிக் கால்பகுதியில் அவர் இறங்கவே இல்லை. அப்படியும் 83 புள்ளி. அன்று எறிந்ததெல்லாம் விழுந்தது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் 2021 ஜூலையில் லாஸ் வேகாஸில் அதே இரு அணிகளுக்கும் ஒரு பயிற்சி ஆட்டம். நைஜீரியா 90, அமெரிக்கா 87.

இதைவிட விசித்திரமானது ஈராக்கின் கதை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஈராக் கொரியாவிடம் 120க்கு 20, சீனாவிடம் 125க்கு 25 என்று தோற்றது. இரண்டு தடவையும் சரியாக நூறு புள்ளி. 1982 டில்லி ஆசிய விளையாட்டு விழாவில் அதே ஈராக் யேமனை 251க்கு 33 என்று வென்றது, சர்வதேச ஆட்டங்களில் அது உலக சாதனை. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளில் அப்போது வந்திருக்கவில்லை. ஒரு கூடைக்கு இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. அதை வைத்துக்கொண்டு 251 எடுக்க ஏறத்தாழ 19 வினாடிக்கு ஒரு கூடை விழுந்திருக்க வேண்டும். யேமன் வீரர்கள் பந்தை உள்ளே கொடுப்பதும் பறிகொடுப்பதுமாகவே நாற்பது நிமிடத்தையும் கழித்திருப்பார்கள்.

நமக்கு இந்த ஆட்டம் புதிதும் இல்லை. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தபோது கூடைப்பந்தும் கூடவே வந்தது. மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரைத் தாங்கியது. இன்னொருவர் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார், இன்றுவரை கிடைக்கவில்லை. கிழக்கிலிருந்து நல்ல வீரர்கள் தொடர்ந்து வந்ததற்குப் பின்னால் இந்தக் குருமாரின் உழைப்பு இருக்கிறது.

ஆக, பதினெட்டு வயது வரை நம் பிள்ளைகள் குறைந்தவர்கள் இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகுதான் விஷயம். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை கூடைப்பந்து அணி வைத்திருக்கின்றன. நன்றாக ஆடுபவனுக்கு வங்கியில் வேலை, மாலையில் பயிற்சி, வருடம் முழுக்க ஆட்டம். ரயில்வேயும் இராணுவமும் அதே மாதிரி ஆட்களை எடுக்கின்றன. இங்கே முப்படை அணிகளும் வர்த்தக நிறுவனங்களின் போட்டிகளும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் இடம் கிடைக்காத பெரும்பாலோர் இருபது வயதில் சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த ஐவர் ஏன் மெலிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த முறை சுகததாச உள்ளக அரங்குக்கு ஆட்டம் பார்க்கப் போனாலோ, ஃபோனில் ஸ்கோர் பார்த்தாலோ, கடைசி எண்ணை முதலில் பார்க்காதீர்கள். நான்கு கால்பகுதிகளையும் தனித்தனியே பாருங்கள். முதல் பத்து நிமிடம் 22க்கு 18 என்று இருந்து, இரண்டாவது பத்து நிமிடம் 30க்கு 9 என்று போயிருந்தால், மாற்று வீரர்கள் இறங்கியபோது உடைந்திருக்கிறது. அடுத்ததாக, பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கை. 15 என்றால் பரவாயில்லை, 25ஐத் தாண்டினால் எவ்வளவு நெட்டையான ஆள் இருந்தும் பயனில்லை. எதிரணி தவறவிட்ட பந்தைத் தானே மறுபடி எத்தனை தரம் பிடித்தது என்பதும் ஒரு பத்தியில் இருக்கும், உயரம் பேசுவது அங்கேதான். கடைசிக் கால்பகுதியை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். பெரிய வித்தியாசத்தில் போகும் ஆட்டத்தில் அப்போது இரண்டு பக்கமும் இறங்கியிருப்பது பெரும்பாலும் பென்ச்சில் இருந்தவர்கள்தான். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் வென்றுவிட்டோம் என்று யாராவது தேநீர்க்கடையில் பெருமைப்பட்டால், எதிரணியில் அப்போது யார் ஆடினார்கள் என்று கேளுங்கள்.