கணக்குப்பிள்ளையை வளைத்துப்போட்ட சிடி

கணினிக்குள் திருட்டு நிரல் புகுந்தது என்றால், கண்ட கண்ட தளங்களுக்குப் போயிருப்பார் என்று உடையவரைத்தான் சந்தேகிப்போம். மார்க் ரஸ்ஸினோவிச் அப்படிப்பட்டவர் அல்ல. விண்டோஸின் உள்கட்டுமானத்தைக் கரைத்துக் குடித்த நிபுணர். கடையில் காசு கொடுத்து வாங்கிய, வான் ஸான்ட் சகோதரர்களின் பாட்டு சிடியைப் போட்டார், அவ்வளவுதான். ‘கெட் ரைட் வித் தி மேன்’ என்பது ஆல்பத்தின் பெயர். நேராக நடந்துகொள் என்கிற தொனி!

ரூட்கிட் என்னும் ஒளிந்துகொள்ளும் நிரலைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவர் தன் கணினியிலேயே சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கருவி செய்வது எளிய வேலை. வட்டில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று விண்டோஸிடம் கேட்கும். அப்புறம் விண்டோஸை நம்பாமல் வட்டைத் தானே படிக்கும். இரண்டு பட்டியலும் ஒத்துவராத இடத்தில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்.

ட்ரோஜன் என்ற வகைத் திருட்டு நிரல் வேஷம் போட்டு உள்ளே வந்து பின்வாசலைத் திறந்துவிடும். ரூட்கிட்டின் சாமர்த்தியம் வேறு. வட்டை ஏடு என்று வைத்துக்கொண்டால், அது ஏட்டில் கைவைப்பதில்லை. ஏட்டை வாசித்துச் சொல்லும் கணக்குப்பிள்ளையான விண்டோஸை வளைத்துப்போடுகிறது. ஆன்டிவைரஸும் அதே கணக்குப்பிள்ளையிடம்தானே கேட்கிறது?

ரஸ்ஸினோவிச்சின் கணினியில் அப்படி ஒளிந்திருந்தது, அந்த சிடியில் சோனி பிஎம்ஜி நிறுவனம் நகலெடுப்பைத் தடுக்கச் சேர்த்த எக்ஸ்சிபி மென்பொருள். பெயரின் தொடக்கத்தில் ‘சிஸ்’ என்ற சொல்லும் அதன் இருபுறமும் டாலர் குறியும் இருந்தால் போதும், எந்த ஃபைலானாலும் மறைத்துவிடும். யாருடையது என்று கேட்காது. 2005 அக்டோபர் 31 அன்று ரஸ்ஸினோவிச் இதை அம்பலப்படுத்தினார். பத்துப் பதினைந்து நாளுக்குள் அதே பெயரைச் சூட்டிக்கொண்டு பின்வாசல் ட்ரோஜன் ஒன்று வந்துவிட்டது. வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களும் தங்கள் நிரல்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகென்ன கவலை என்ற பொருளில் சோனி பிஎம்ஜியின் உயர் அதிகாரி தாமஸ் ஹெஸ்ஸே வானொலியில் பேசினார். இந்தத் திமிர்தான் விவகாரத்தைப் பெரிதாக்கியது என்பேன். இந்த மென்பொருளோடு வந்தவை 52 ஆல்பங்கள்; விற்றுப்போனவை சுமார் 21 லட்சம் சிடிகள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது.

மறைந்திருந்த ஃபைல்களைக் கையால் அழித்தால் சிடி டிரைவே காணாமல் போனது. அதற்காக நிறுவனம் கொடுத்த நீக்கும் நிரல், போகும்போது தன் பங்குக்கு ஒரு துண்டை விட்டுச் சென்றது. அதன் வழியாக எந்த இணையதளமும் அந்தக் கணினியில் தன் நிரலை ஓட்டலாம்.