நீராவி எஞ்சின்களைத் தேடி

ஒரு கருவி வழக்கொழிந்தால் அது விரைவில் கண்ணினின்றும் மறையும். நாளடைவில் அதைச் செய்யும் திறமும் கையினின்றும் மறையும். கருவியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். திறத்தை மீட்பதோ அரிது. நீராவி எஞ்சின்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சிறுசேரியில் வாழும் மாணவர் ஒருவர் ஓடும் நீராவி எஞ்சினைக் காண விரும்பினால் எங்கே செல்வார்? அண்மையிலுள்ள பெரிய நிலையம் தாம்பரம். அங்கிருந்து சென்னைக் கடற்கரைக்கு 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. தாம்பரத்துக்குத் தெற்கே நீராவி வண்டிகள் பின்னும் பல ஆண்டுகள் ஓடின. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமே கொண்டிருந்த அக்குறும்பாதை இன்று அகலப்பாதையாகிவிட்டது. ஆதலின் அவர் மேட்டுப்பாளையத்துக்கே செல்லுதல் வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகமண்டலம்வரை 1908இலும் திறக்கப்பட்ட நீலகிரி மலைப்பாதை இன்றும் மீட்டர்ப் பாதையே. கல்லாறு நிலையத்துக்கு மேல், பன்னிரண்டு அடி முன்செல்ல ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றம் உண்டு. வழவழப்பான சக்கரம் அங்கு வழுக்கும். ஆகவே தண்டவாளங்களின் நடுவே பற்களுடைய இரும்புச் சட்டங்களைப் பதித்துள்ளனர். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறுகின்றன. எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று மேலே தள்ளுகின்றது. உருளைகளில் ஒருமுறை வேலைசெய்த நீராவியே வேறு உருளைகளுட் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது.

இவ்வெஞ்சின்கள் சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அதே தொழிற்சாலை, தன் நாட்டு ஃபுர்கா மலைப்பாதைக்கும் பற்சக்கர எஞ்சின்களைச் செய்து தந்தது. அப்பாதை மின்மயமானபின், 1947இல் நான்கு எஞ்சின்கள் வியட்நாமின் தலாத் மலைப்பாதைக்கு விற்கப்பட்டன. போரினால் அப்பாதை கைவிடப்பட்டது. எஞ்சின்கள் துருவேறிக் கிடந்தன. சுவிஸ் ஆர்வலர் அவற்றைத் தேடிக் கண்டு, 1990இல் மலையினின்றும் இறக்கிக் கப்பலேற்றித் தாயகம் கொணர்ந்தனர். பழுதுபார்க்கப்பட்ட எஞ்சின்கள் மீண்டும் ஃபுர்கா மலையில் ஏறின.

நீலகிரியின் கதை வேறு. இங்கே எஞ்சின்கள் தொலையவில்லை, உழைத்துத் தேய்ந்தன. அவற்றைச் செய்த நிறுவனமோ இன்று இல்லை. எனினும் பாதை நின்றுவிடவில்லை. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் இந்நூற்றாண்டில் அதே வகைப் புதிய எஞ்சின்களைச் செய்து தந்தனர். தலைமுறைதோறும் கொதிகலனைப் பிரித்துச் செப்பனிட்ட கைகள் இருந்தமையால் அன்றோ இது இயன்றது! இம்மலைப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சினின் உருவத்தை நாம் காணலாம். மலையேறும் எஞ்சினிலோ, அதனை இயக்குவோரின் அறிவும் உயிரோடிருக்கக் காண்கிறோம். பழம்பொருளைக் காப்பதோடு, அதனை ஆளும் தொழிலறிவையும் கற்றுக் காத்தல் நம் கடன்.