வானம் பார்த்த பூமி, மாசச் சம்பளம்: பருவநிலை மாற்றத்துக்கு உங்க பட்ஜெட்டில் இடம் இருக்கா?



2016 அக்டோபர். திருச்சுழி பக்கத்திலிருந்து அப்பா போன் பண்ணினார். "மழை ஏமாத்திருச்சுப்பா. மக்காச்சோளம் கருகுது. ஒரு போர் போட்டா தப்பிச்சுக்கலாம்." நான் அப்போ சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. யோசிக்காமல் 1 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 15% வட்டி, 3 வருஷம், மாசம் 3,466 ரூபாய். போர் போட்டோம், தண்ணிக்குப் பதில் புகைதான் வந்தது. பயிரும் போச்சு. வட்டி மட்டும் சுமார் 24,800 ரூபாய் கட்டினேன்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சுமார் 62% குறைவு. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அதே ரபி பருவத்துக்குத் தமிழக விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. எங்க வீட்டுக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை. ஏன்? பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தது. அவர் இறந்து எட்டு வருஷம் ஆகியும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டிருந்தோம். பேப்பர் சேர்வதற்குள் கடைசித் தேதி போயிருச்சு. ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிற ஆள், சொந்த வீட்டுக் கணக்கை விட்டுட்டேன்.

வெயில் கூடினால் மழை ஏன் மாறுது?

ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7% அதிக ஈரத்தைப் பிடித்து வைக்கும். இதில் இரண்டு விஷயம் நடக்குது. மழை இல்லாத நாட்களில் மண்ணிலும் கண்மாயிலும் இருக்கிற ஈரத்தைக் காற்று வேகமாக உறிஞ்சும். பெய்யும்போது சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டும். உலக சராசரி வெப்பம், தொழில்மயத்துக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு 2024.

2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்த மாவட்டத்தின் ஒரு வருஷ சராசரி மழையைவிட அது அதிகம். ஒரு மழையை மட்டும் காட்டி "இதுதான் பருவநிலை மாற்றம்"னு சொல்ல முடியாது. ஆனா ஒரு வருஷம் வறட்சி, இன்னொரு வருஷம் வெள்ளம் என்ற ஆட்டம் கூடும்னுதான் அறிவியல் சொல்லுது. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டுக்கு மழையை நம்பித்தான் விதைப்பு. அப்போ மழை தப்பும் வருஷத்தில் வீட்டைத் தாங்குவது எது? உங்க சம்பளம்தான். அதனால இது உங்க பட்ஜெட் விஷயம்.

1. முதலில் பட்டா

நிலம் யார் பேரில் இருக்குன்னு இன்னைக்கே கேளுங்க. இறந்தவர் பேரில் இருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். காப்பீடு, மானியம், பயிர்க்கடன் எல்லாத்துக்கும் இதுதான் சாவி.

2. பயிர்க் காப்பீடு

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பிரீமியம் உணவுப் பயிர், எண்ணெய் வித்துக்கு காரிஃப் பருவத்தில் அதிகபட்சம் 2%, ரபியில் 1.5%. பருத்தி, மிளகாய் மாதிரி பணப்பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு 5%. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. ரபி மக்காச்சோளம், ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய்னு வைப்போம். பிரீமியம் 300 ரூபாய். உத்தரவாத மகசூல் 1,000 கிலோ, கிடைத்தது 400 கிலோ. குறைவு 60%. இழப்பீடு 12,000 ரூபாய்.

கவனிக்க வேண்டியது: வறட்சி இழப்பு உங்க வயலை மட்டும் பார்த்து முடிவாகாது. உங்க பகுதியில் அறுவடைப் பரிசோதனை செய்து வரும் சராசரிதான் கணக்கு. உங்க பயிர் மட்டும் கருகினால் பணம் வராமல் போகலாம். ஆனா வயலில் வெள்ளம் நின்றால் தனி வயலுக்கும் இழப்பீடு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும்.

தேவை: வி.ஏ.ஓ. தரும் அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக். கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். அப்பாவுக்கு நினைவூட்டுவது உங்க வேலை.

3. விதைப்பு ஆர்.டி.

சாகுபடிச் செலவு ஏக்கருக்கு 10,000 ரூபாய், நிலம் 3 ஏக்கர்னா 30,000. மாசம் 2,500 வீதம் செப்டம்பரில் முடிகிற மாதிரி ஒரு வருஷ ஆர்.டி. போடுங்க. மழை நல்லா பெய்தால் இந்தப் பணம் மிச்சம். பொய்த்தால் மறு விதைப்புக்கு வட்டிக்குப் போக வேண்டாம். கடன் வாங்கியே ஆகணும்னா பர்சனல் லோனுக்கு முன்னாடி கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்க. தவணை தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது.

4. போருக்கு முன்னாடி குட்டை

இல்லாத நிலத்தடி நீரைத் தேடுவதைவிட, பெய்கிற மழையைப் பிடிப்பது செலவு குறைவு. பண்ணைக்குட்டை வெட்டலாம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு தமிழ்நாட்டில் 100% மானியம் உண்டு. கண்மாய் வண்டல் மண்ணை தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுத்து வயலில் போடலாம். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம்.

5. மாடியில் சோலார்

நம்மைக் காய்க்கிற அதே வெயிலில்தான் பக்கத்துக் கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுது. வீட்டுக்கு மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய். ஆனா அவசரப்படாதீங்க. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால், சிக்கனமாகக் கரண்ட் செலவாகும் வீட்டில் போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். ஏ.சி., மோட்டார்னு பில் எகிறும் வீட்டுக்குத்தான் இது லாபம்.

உங்க ஒரு ஆள் மாறினால் உலக வெப்பம் குறையாதுதான். ஆனா அடுத்த வறட்சியில் உங்க வீடு கந்து வட்டிக்குப் போகாமல் இருப்பது உங்க கையில்தான் இருக்கு.

இந்த ஞாயிறு வீட்டுக்கு போன் போட்டு மூணே கேள்வி கேளுங்க. பட்டா யார் பேர்ல? அடங்கல் வாங்கியாச்சா? இன்சூரன்ஸ் கட்டியாச்சா?

எங்க அப்பா இப்போ ரசீதை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டுத்தான் "மழை வருமா?"ன்னு கேட்கிறார். அதுக்கு மட்டும் இன்னும் என்கிட்ட பதில் இல்லை.