அப்பாவோட ஆர்எக்ஸ் 100க்கு என்ன விலை சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி முன்னாடி ஒரு எபிசோடு பேசியிருந்தோம். ஸ்கைலைன், சுப்ரா, ஏஇ86 எல்லாம் வந்துச்சு. அதுக்கு ஆண்டிபட்டியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணே, அந்தக் கார் எல்லாம் நாங்க யூடியூப்லதான் பாப்போம். எங்க வீட்டுத் தாழ்வாரத்துல அப்பாவோட ஆர்எக்ஸ் 100 நிக்குது, 1993 மாடல். அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு, அதுலேர்ந்து யாரும் எடுக்கல. சென்னைக்காரர் ஒருத்தர் ஒரு லட்சத்து இருபதாயிரம் தர்றேங்கிறார். அம்மா குடுத்துரலாம்ங்கிறாங்க. நியாயமான விலைதானா?"

இன்னைக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான். ஸ்கைலைன் விலையைப் பற்றி நாம பேசுறது வேடிக்கை. இவர் வீட்டுல நடக்கப்போறது வியாபாரம்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. ஜப்பான்ல 1980களில் ஸ்போர்ட்ஸ் கார் அலை அடிச்சப்போ நமக்கு வந்து சேர்ந்தது 100 சிசி பைக். அரசு வெளிநாட்டுக் கூட்டணிக்குக் கதவைத் திறந்ததும் ஒவ்வொருத்தரும் ஒரு ஜப்பான் கம்பெனியைப் பிடிச்சாங்க. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே வருஷக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹா ஆர்எக்ஸ் 100ஐக் கொண்டு வந்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் ஜெயிச்சது 1984 டிசம்பர். அதுக்கு அடுத்த வருஷம் வந்த வண்டின்னு ஞாபகம் வெச்சுக்கலாம். 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு விதி இறுகினதும் உற்பத்தி நின்னுபோச்சு. பதினோரு வருஷம்கூட முழுசா ஓடாத ஒரு மாடலுக்குத்தான் இன்னைக்கு இவ்வளவு அலைச்சல்.

ஏன்? கணக்கைப் பாருங்க. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் 103 கிலோ. டன்னுக்கு 107 குதிரைத்திறன் வருது. 'இனிஷியல் டி'யில் டோஃபு டெலிவரி பண்ற ஏஇ86 காருக்கு 130 குதிரைத்திறன், எடை சுமார் 940 கிலோ, டன்னுக்கு 138. "பாத்தீங்களா, கிட்டத்தட்ட ஸ்போர்ட்ஸ் கார்"னு ரீல்ஸ்ல சொல்வாங்க. ஆனா 70 கிலோ ஆள் ஒருத்தர் ஏறி உக்காந்ததும் பைக் கணக்கு 64க்கு இறங்கிடும், கார் 129லயே நிக்கும். அதனால அந்த ஒப்பீட்டை ரொம்ப நம்பாதீங்க. உண்மையான ஒப்பீடு அந்தக் காலத்து மத்த 100 சிசி வண்டிகளோட. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் பவர் வரும், டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுத்துக்கும் வரும். வித்தியாசம் ஆக்ஸிலேட்டரைத் திருகின அடுத்த நொடியே தெரியும்.

இப்போ விலைக்கு வருவோம். பழைய வண்டிக்கு விலை வைக்கிறப்போ நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: இந்த வண்டியில காசு குடுத்தாலும் திரும்பச் செய்ய முடியாதது எது?

பெயிண்ட்டைத் திரும்ப அடிக்கலாம். குரோமைத் திரும்பப் பூசலாம். டேங்க் ஸ்டிக்கர், சீட் கவர், இண்டிகேட்டர், மட்கார்டு எல்லாத்துக்கும் டூப்ளிகேட் கிடைக்குது. ஆனா சென்னையிலயும் பெங்களூர்லயும் லட்சத்தைத் தாண்டி விலை சொல்ற வண்டிகள் பலதில் பளபளக்கிறது இதுங்கதான். திரும்பச் செய்ய முடியாதது மூணு: சேசிஸ் நம்பரோட இருக்கிற ஃபிரேம், இன்ஜின் நம்பரோட இருக்கிற கிராங்க்கேஸ், அந்த ரெண்டு நம்பரையும் சரியாச் சொல்ற ஆர்சி புக். நாலாவதா பாதி சேர்த்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அது சிலிண்டர்.

சிலிண்டரைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா பேரம் பேசுறவங்க யாரும் இதைக் கேக்குறதில்ல. புது வண்டியில சிலிண்டர் துவாரம் 50 மில்லிமீட்டர். தேய்மானம் வந்ததும் லேத்தில் குடுத்து 'போர்' போடுவாங்க. 0.25 பெருசாக்கி, அந்த அளவுக்குப் புது பிஸ்டன் போடுவாங்க. அடுத்த தடவை 0.50, அப்புறம் 0.75, கடைசியா 1.00. அதாவது ஒரு சிலிண்டருக்கு நாலு மறுபிறவி. கடைசி அளவுக்குப் போயிட்ட வண்டிக்கு அதுக்கப்புறம் ஸ்லீவ் அடிக்கணும், இல்ல வேற சிலிண்டர் தேடணும். ஹெட்டைக் கழட்டினா பிஸ்டன் தலையிலயே பெரும்பாலும் அந்த அளவு குத்தியிருக்கும். 25ன்னு இருக்கிற வண்டியும் 100ன்னு இருக்கிற வண்டியும் வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே விலைக்கு விக்கும். ஹெட்டைக் கழட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவு பண்ணாம லட்சம் ரூபாய் எண்ணிக் குடுக்கிற ஆட்களைப் பார்த்தா, லாக் ஃபைலைத் திறக்காமலே ஸ்கிரீனை மட்டும் பார்த்து சர்வர் வாங்குற மாதிரி இருக்கு.

"ஜப்பான் இன்ஜின்" கதை இன்னொண்ணு. ஆரம்ப கால வண்டிகளில் ஜப்பான் பாகங்கள் இருந்துச்சு, அதுக்கு மவுசும் ஜாஸ்தி. ஆனா முப்பது வருஷத்துல பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, பேரிங்னு உள்ளே இருந்தது எல்லாம் ரெண்டு மூணு தடவை மாறியிருக்கும். வெளிக்கூட்டுல இருக்கிற எழுத்துக்காகக் கூடுதலா முப்பதாயிரம் குடுக்கணுமான்னு யோசிங்க. சேகரிக்கிறவர் குடுக்கலாம். ஓட்டப்போறவர் குடுக்க வேண்டியதில்லை.

சரி, மூணு வருஷமா நின்ன வண்டி. உடனே பெட்ரோல் ஊத்திக் கிக்கரை மிதிக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை முதல்ல கிராங்க்கேஸுக்குள்ள போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால கிராங்க்கேஸ் காத்துப் புகாம இருக்கணும். அதுக்குக் கிராங்க்கோட ரெண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் இருக்கு. வண்டி நின்னா இந்த ரப்பர் இறுகிப்போகும். இடது பக்கம், மேக்னெட் பக்கத்துச் சீல் போனா வெளிக்காத்தை உறிஞ்சும். கலவையில பெட்ரோலும் ஆயிலும் குறைஞ்சு, சூடேறி, பிஸ்டன் பிடிச்சுக்கும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்துச் சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சும்; வெள்ளைப் புகை நிக்காம வரும், கியர் ஆயில் அளவு குறைஞ்சுக்கிட்டே போகும். விக்கிறவர் "டூ ஸ்ட்ரோக்னா புகை வரத்தான் செய்யும் தம்பி"ம்பார். ஸ்டார்ட் பண்ண புதுசுல வர்ற புகைக்கு அது சரி. சூடான பிறகும் மேகம் மாதிரி வந்தா கிராங்க் சீலைப் பாருங்கண்ணு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க.

பிளக்கைக் கழட்டி, துவாரத்துல கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டு, கையால கிக்கரை மெதுவாச் சுத்திப் பார்க்கணும். லேசாச் சுத்தினா நல்ல சகுனம். டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை முழுசா இறக்கிடுங்க. இப்ப நாம ஊத்துற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், இரும்பு டேங்க்ல துரு பிடிக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாயைக் கெடுக்கும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருக்கிறதால கலவையும் கொஞ்சம் மெலிஞ்சு போகும். கார்பரேட்டர் ஜெட்டை ஒரு அளவு பெருசு பண்ணணுமான்னு மெக்கானிக்கைப் பிளக்கோட நிறம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

சைலன்ஸருக்கு வருவோம். அந்தச் சத்தத்துக்காகவே வண்டி வாங்குறவங்க இருக்காங்க, உள்ள இருக்கிற குழாயை அறுத்து எறியறவங்களும் இருக்காங்க. டூ ஸ்ட்ரோக் சைலன்ஸர் சத்தத்தைக் குறைக்க மட்டும் இல்ல. புகை வெளியேறும்போது அந்தக் குழாய்க்குள்ள ஒரு அழுத்த அலை போய், குறுகலான இடத்துல மோதித் திரும்பி வரும். அது திரும்புற நேரம், எரியாம வெளியே நழுவப் பார்த்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளி விடும். வடிவத்தை மாத்தினா அந்த நேரக் கணக்கு கெட்டுப்போகும். சத்தம் ஏறும், இழுவை குறையும். அறுத்த சைலன்ஸரோட வர்ற வண்டிக்கு நான் விலையைக் குறைச்சுத்தான் கேப்பேன்.

இவ்வளவும் இரும்புச் சமாச்சாரம். ஆண்டிபட்டித் தம்பியோட உண்மையான பிரச்சினை காகிதம். ஆர்சி இன்னும் அப்பா பேரில். அதோட தகுதிக் காலம் 2023லயே முடிஞ்சிருக்கு. 1993இல் பதிஞ்ச வண்டிக்கு முதல் 15 வருஷம் 2008 வரை. அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அப்பா 2013லயும் 2018லயும் பண்ணியிருக்கார். இந்த நிலையில விக்க முடியுமான்னா, சென்னைக்காரர் "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு சொல்லியிருக்கார். போடாதீங்க. பேர் மாறாத வண்டியில யாராவது அடிபட்டா போலீஸ் ஆர்சியில இருக்கிற முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரியில இருக்கிறது உங்க அம்மா.

வழி இதுதான். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம். இதோட உரிமையாளர் இறந்தா பேர் மாத்துறதுக்கான படிவம் 31. முறைப்படி இதை மூணு மாசத்துக்குள்ள செஞ்சிருக்கணும், அதனால தாமதத்துக்கான கட்டணம் கேப்பாங்க. பழைய ஆர்சி புக் ஆன்லைனில் ஏறாம இருந்தா முதல்ல அதை ஏத்தச் சொல்லி ஆர்டிஓ ஆபீஸில் கேக்கணும். அப்புறம் புதுப்பித்தல். 20 வருஷம் தாண்டின டூ-வீலருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயா உயர்த்திட்டாங்க. பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் தனி. நாலஞ்சு தடவை அலைய வேண்டியிருக்கும், மறுக்கல. ஆனா பேரும் தேதியும் சரியா இருக்கிற வண்டியோட விலையும், "கையெழுத்து மட்டும் போடுங்க" வண்டியோட விலையும் ஒண்ணு கிடையாது. அந்த வித்தியாசத்தைச் சென்னைக்காரர் எடுத்துக்கணுமா, நீங்க எடுத்துக்கணுமாங்கிறதுதான் கேள்வி.

"விண்டேஜ்"னு சொல்லி விலை ஏத்துறவங்களுக்கு ஒரு தகவல்: மத்திய அரசு 2021இல் கொண்டு வந்த விதிப்படி விண்டேஜ்னா 50 வருஷம் ஆகியிருக்கணும். முதல் ஆர்எக்ஸ் 100க்கே அது 2035இல்தான். அப்படிப் பதிஞ்சாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்ல.

அப்போ ஒரு லட்சத்து இருபதாயிரம் நியாயமா? என் கணக்கு இது. ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோட ஒத்துப்போய், சிலிண்டர் 0.50க்குள்ள இருந்து, காகிதம் சரியாயிட்டா, அது வாங்குறவருக்கு லாபமான விலை. போரும் பிஸ்டனும் கிராங்க் வேலையும் சீலும் சேர்த்துப் பார்த்தாலும் அந்தத் தொகையில ஒரு சின்னப் பங்குதான் செலவாகும். நம்பர் ஒத்துப்போகலைன்னா, சிலிண்டர் கடைசி அளவுல இருந்தா, அவர் அதிகமாவே தர்றார்னு அர்த்தம். அம்மா சொல்றதும் தப்பில்ல. வீட்டுக்குக் காசு தேவைன்னா விக்கலாம், வண்டி இரும்புதான். காகிதத்தை முடிச்சுட்டு வில்லுங்கன்னு மட்டும்தான் நான் சொல்றது.

வெச்சுக்கிறதா முடிவு பண்ணினா யோசிக்க வேண்டியது பணமில்ல, ஆள். டொயோட்டா 2021இல் ஏஇ86க்குத் திரும்பப் பாகம் செய்ய ஆரம்பிச்சது. நிஸ்ஸான் 2017லயே ஆர்32 ஸ்கைலைனுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. நமக்கு அப்படி எதுவும் இல்ல. நமக்கு இருக்கிறது கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரிச்சு, புது ராடு போட்டு, டயல் வெச்சு நேராக்கத் தெரிஞ்ச லேத்துக்காரர்தான். டூ ஸ்ட்ரோக் வண்டி குறையக் குறைய அந்த வேலை கத்துக்க வர்ற பசங்களும் குறையறாங்க. உங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா பெயிண்டருக்கு முன்னாடி அவரைப் பாருங்க. ஆயில் பம்பைக் கழட்டிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊத்தச் சொல்றவங்க நிறைய. பம்ப் வேலை செஞ்சா கழட்ட விடாதீங்க. வேகத்துக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் தகுந்த மாதிரி ஆயில் விடுறதுக்குத்தான் யமஹா அதை வெச்சது.

அந்தப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு இன்னொரு விஷயம். ஏத்தத்தைவிட இறக்கம்தான் இந்த இன்ஜினுக்கு ஆபத்து. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா மூடிட்டு, ரெண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கை நம்பியே வந்தா, இன்ஜின் வேகமாச் சுத்தும், ஆயில் மட்டும் சொட்டுக் கணக்கில்தான் போகும். நடுநடுவே கிளட்சைப் பிடிச்சு ஆக்ஸிலேட்டரை லேசா ஒரு திருகு திருகிவிட்டுக்கிட்டே இறங்குங்க. ரெண்டு பக்கமும் டிரம் பிரேக்தான், அதனால வளைவுக்கு நாலு வண்டி நீளம் முன்னாடியே பிடிக்க ஆரம்பிச்சுடுங்க.