மைதானத்துக்குள்ள ஓடலாமாண்ணே?

முதலில் ஒரு வாக்குமூலம். அன்றைக்கு மைதானத்துக்குள் முதலில் ஓடினவன் நான்தான்.

வருஷம் 1996. ஏப்ரல் மாதம். போடிநாயக்கனூரில் கார்க் பால் டோர்னமென்ட் ஃபைனல். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் (மார்ச் 13) கல்கத்தா ஈடன் கார்டனில் ரசிகர்கள் பாட்டில் வீசி, ஸ்டாண்டில் தீ வைத்து, இலங்கையோடு நடந்த உலகக் கோப்பை அரை இறுதி பாதியில் நின்று போயிருந்தது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு, 'சே, என்ன ஜனங்கப்பா!' என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் லெக்சர் அடித்தவனும் அடியேன்தான்.

சரி, ஃபைனலுக்கு வருவோம். கடைசிப் பந்து. எதிர் டீமுக்கு மூன்று ரன் வேண்டும். பந்து என் பெரியம்மா மகன் கையில். அண்ணன் ஓடி வந்தால் பின்னாலிருக்கும் மலையும் சேர்ந்து ஓடி வருகிற மாதிரி இருக்கும். யார்க்கர்! நடு ஸ்டம்ப் குட்டிக்கரணம் போட்டது.

எங்கள் ஊர் பவுண்டரி என்பது சுண்ணாம்புப் பொடியில் போட்ட ஒரு கோடு. அதை நான் எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. என் பின்னால் ஐந்நூறு பேர். அண்ணனைத் தூக்கினோம். நான் வலது கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுக்க, வேறு எவனோ காலைப் பிடித்து அந்தப் பக்கம் இழுக்க... 'அம்மா!' என்று ஒரு சத்தம். சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்து நாங்களும் பதிலுக்குக் கத்தினோம்.

தோள்பட்டை நழுவியிருந்தது.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு செலெக்‌ஷனுக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை சரியானது. வேகம் மட்டும் திரும்பி வரவில்லை. 'கூட்டத்துல எவனோ இழுத்துட்டான்' என்று வீட்டில் எல்லோரும் அந்த 'எவனோ'வைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்!

*

இத்தனை வருஷம் கழித்து இந்தப் புராணம் எதற்கு என்கிறீர்களா? இப்போதெல்லாம் டி.வி.யில் எவனாவது மைதானத்துக்குள் பாய்ந்தால் எங்கள் ஆபீஸ் கேன்டீன் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2023 அக்டோபர் 8-ம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா உலகக் கோப்பை மேட்ச். 'ஜார்வோ' என்று பெயர் போட்ட இந்திய ஜெர்ஸியில் ஒரு வெள்ளைக்கார ஆசாமி ஏதோ பன்னிரண்டாவது ஆட்டக்காரர் மாதிரி ஹாயாக உள்ளே நடந்து வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பிறகு 2024 மே மாதம் ஆமதாபாத்தில் ஒரு பையன் ஓடி வந்து தோனி காலில் விழுந்தான்.

"பாவம் சார், பாசம்!" என்றது ஒரு கோஷ்டி.

"பிடிச்சு உள்ள தள்ளணும்!" என்றது இன்னொரு கோஷ்டி.

மேட்ச் நடக்கும்போது ஓடுவது தப்பு. அதில் பட்டிமன்றமே தேவையில்லை. என் கேள்வி வேறு. மேட்ச் முடிந்த பிறகு? காசு கொடுத்து, வெயிலில் காய்ந்து, தொண்டை கிழியக் கத்தின ரசிகன், ஜெயித்த மண்ணை ஒரு தடவை மிதித்துப் பார்க்கக் கூடாதா?

'கூடாது' என்று சட்டென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரணம், 1983 ஜூன் 25. லார்ட்ஸ். மொகிந்தர் அமர்நாத் பந்தில் ஹோல்டிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டக்காரர்கள் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு தலைதெறிக்க ஓட, எதிரே ஜனசமுத்திரம்! அப்புறம் கபில்தேவ் பால்கனியில் கோப்பையைத் தூக்குகிறார். கீழே புல்தரையே தெரியாமல் நம்ம ஜனங்கள். அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டு அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மட்டும் தனியாக நிற்கிற மாதிரி இருக்கும்!

அதற்கும் முன்னால், 1960-ல் பம்பாய் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அப்பாஸ் அலி பெய்க் அரை சதம் போட்டதும் ஓர் இளம் பெண் விடுவிடுவென்று உள்ளே போய், கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். (உடனே பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முதலில் அரை சதம் போட வேண்டும்!)

*

ஆனால், இந்த சந்தோஷத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது.

1975 உலகக் கோப்பை ஃபைனல், அதே லார்ட்ஸ். கடைசி ஜோடியாக ஆஸ்திரேலியாவின் தாம்சனும் லில்லியும். தாம்சன் அடித்ததைப் பிடித்துவிட்டார்கள். 'முடிஞ்சது ஆட்டம்' என்று வெஸ்ட் இண்டீஸ் ரசிகர்கள் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். அது நோ-பால்! பந்து கூட்டத்தில் காணாமல் போக, இரண்டு பேரும் பாட்டுக்கு ரன் ஓடிக்கொண்டிருந்தார்கள். இது சிரிக்க.

2001 ஜூனில் லீட்ஸில் நடந்தது சிரிக்க அல்ல. இங்கிலாந்தைப் பாகிஸ்தான் ஜெயிக்க இன்னும் சில ரன்களே பாக்கி. அதற்குள் கூட்டம் உள்ளே. காவலுக்கு நின்ற ஊழியர் ஒருவர் அந்த நெரிசலில் சிக்கி அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மேட்சே வேண்டாம் என்று கேப்டன் அலெக் ஸ்டீவர்ட் வெற்றியைப் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுத்தார்.

இன்னொன்று. 1982-ல் பெர்த் டெஸ்டில் உள்ளே ஓடி வந்த ஓர் ஆசாமி ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டெர்ரி ஆல்டர்மன் தலையில் ஒன்று வைத்தான். கோபத்தில் துரத்திப் போய் அவனை மடக்கிய ஆல்டர்மனுக்குத் தோள்பட்டை நழுவியது. ஒரு வருஷத்துக்கும் மேல் அவரால் டெஸ்ட் ஆட முடியவில்லை.

தோள்பட்டை! இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அப்போ பத்தடிக்கு கம்பி வேலி போட்டுப் பூட்டு, விவகாரம் முடிஞ்சது" என்கிறீர்களா? அப்படிப் பூட்டித்தான் பார்த்தார்கள். 1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். பின்னாலிருந்து கூட்டம் நெருக்க, முன்னால் இருந்தவர்கள் வேலியில் நசுங்கினார்கள். செத்தவர்கள் 97 பேர். வேலிக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது புல்தரை. அதன் பிறகுதான் அங்கே வேலிகளைப் பிடுங்கினார்கள். கூடவே, அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கினால் குற்றம் என்று 1991-ல் சட்டமும் போட்டார்கள்.

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1985-ல் பிராட்ஃபோர்டு ஸ்டேடியத்தில் ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் போனார்கள். அங்கே முன்பக்கம் கம்பி வேலி இல்லை. மைதானத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். பின்பக்கம் வெளியே போகலாம் என்று ஓடியவர்களில் பலர் பூட்டின கேட்டில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

2022 அக்டோபர் 1-ம் தேதி இந்தோனேஷியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியம். சொந்த டீம் தோற்றதும் ரசிகர்கள் உள்ளே இறங்க, போலீஸ் கண்ணீர்ப் புகை குண்டு போட்டது. கேலரியில் இருந்தவர்கள் பக்கமும் குண்டு விழுந்தது. வாசலை நோக்கி எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதில் 135 உயிர்கள்.

நம்ம பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 4. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். முதல் நாள் ராத்திரி கோப்பை ஜெயித்த டீமைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். மைதானத்துக்குள் அல்ல, வாசலிலேயே 11 பேர் நெரிசலில் போய்விட்டார்கள். அன்றைக்கு மேட்ச்கூட இல்லை, சார்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஆளைக் கொல்வது புல்தரை இல்லை. எல்லோரும் ஒரே வழியில், ஒரே நொடியில் முண்டுவதுதான் கொல்கிறது.

*

போன மாதம் லீவு போட்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். விடியற்காலை போடியில் ஜீப் பிடித்தேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு நானும் ஒரு ஓரத்தில் பொட்டலமாக ஒட்டிக்கொண்டு, போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடியே ரசித்தேன்.

"வாடா தம்பி! வந்தவன் பார்த்து வா. சரத்தை மிதிச்சிராத!" என்றார் அண்ணன். (என்ன வரவேற்பு!)

ஏலச் செடி நெடுநெடுவென்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காய் மட்டும் அடியில். சில ரகத்தில் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். இன்றைக்கு ஒரு மிதி மிதித்தால் அடுத்த எடுப்புக்குக் காய் இல்லை. அந்தச் சரிவில் இருபது முப்பது பெண்கள் மளமளவென்று காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, கேலி எல்லாம் உண்டு. ஒரு கால்கூட சரத்தின் மேல் படவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தபோது, முப்பது வருஷ பாரத்தை இறக்கி வைத்தேன்.

"அண்ணே... அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சு இழுத்தது நான்தாண்ணே."

அண்ணன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "தெரியும்டா. அந்த மஞ்சச் சட்டை நான் உனக்குத் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணனும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கப் பார்த்தார். பாதியில் நின்றது. "குளிருக்கு இப்பவும் வலிக்கும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்: "சொல்லுங்கண்ணே, மேட்ச் முடிஞ்சா ஜனங்களை உள்ள விடலாமா, கூடாதா?"

"விடாம எப்படிடா? அவன் கைதட்டாட்டி நான் யாருக்குப் பந்து போடுறது? ஆனா பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிறான் பாரு, ஏன்? இடம் கெடைக்காதுன்னு பயம். சீட்டு உறுதின்னு தெரிஞ்சா எவனாவது ஜன்னல் வழியா குதிப்பானா? உள்ள விடமாட்டாங்கன்னு தெரியுது. அதான் அன்னிக்கு நீ ஓடினே."

இப்போது ஊரில் நடக்கிற டோர்னமென்ட்டுக்கு அண்ணன்தான் பெரியவர். அவருடைய சட்டம் சிம்பிள். கடைசி ஓவருக்கு முன்னால் மைக்கில் சொல்லிவிடுவார். மேட்ச் முடிந்ததும் இரண்டு டீமும் கை குலுக்கி வெளியே வந்துவிட வேண்டும். பிட்ச்சைச் சுற்றிக் கயிறு கட்ட ஐந்து நிமிஷம். பிறகு நாலு பக்கமும் எல்லோரும் உள்ளே வரலாம். யாரும் யாரையும் தூக்கக் கூடாது.

"கேக்கிறாங்களாண்ணே?"

"அஞ்சு நிமிஷம்தானேன்னு நிப்பாங்க. சின்னப் பசங்க வந்து பிட்ச்சைத் தொட்டுப் பார்த்துட்டு, ஆளுக்கொரு பந்து போட்டுட்டுப் போவாங்க."

அண்ணன் பத்திரிகை படித்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் கவுண்ட்டி மேட்ச்சுகளில் லஞ்ச் இடைவேளையில் ஜனங்களை உள்ளே உலாவ விடுகிற பழக்கம் உண்டு. பிட்ச்சைச் சுற்றி மட்டும் கயிறு. ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர் ஃபுட்பால் முடிந்ததும், சில மேட்ச்சுகளில் அப்பாவும் பிள்ளையும் உள்ளே இறங்கிப் பந்து உதைத்து விளையாடலாம். அங்கெல்லாம் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சேப்பாக்கம் மாதிரி பெரிய இடத்தில் முப்பதாயிரம் பேரை இறக்க முடியாது என்பீர்கள். வாஸ்தவம். அங்கே வேறு வழி இருக்கிறது. 1999 ஜனவரி 31. சச்சின் 136 அடித்தும், பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. நெஞ்சு உடைந்துபோன சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் டீம் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது. ரசிகன் உள்ளே போக முடியாத இடத்தில், ஆட்டக்காரன் வெளியே வரட்டுமே!

சாயங்காலம் ஜீப் ஏறும்போது அண்ணன் ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தார். "ஃபைனலுக்கு வந்துரு. உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்" என்றார்.

"என்ன வேலைண்ணே? ஸ்கோர் எழுதவா?"

"கயிறு பிடிக்க! அஞ்சு நிமிஷம் ஆகுறதுக்கு முன்னாடி நீ ஓடிராம இருக்கணும்ல?"