டிக்கியை அடைக்காமல் காரில் கனத்த நாதம்

எல்லையோரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காரின் டிக்கி மிகவும் வேண்டியது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் குமுளியிலிருந்து கம்பத்திற்கும் போகும்போது நேந்திரங்காய் வறுவலும் ஏலக்காயும் அதில் ஏறும். திரும்பும்போது அரிசி மூட்டையும் ஊரில் கொடுத்தனுப்பும் மாவடு ஜாடியும் வரும். அதனால்தான், "சப்வூஃபர் பெட்டி வைத்தால்தான் தவில் ஓசை கேட்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நாம் தயங்குகிறோம். பெட்டி இல்லாமலே போதுமான பாஸ் ஒலி பெறலாம் என்பது என் அனுபவம். அதற்கான காரணத்தையும் வழியையும் நம் சங்க அன்பர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

முதலில் பெட்டி எதற்கு என்று பார்ப்போம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீச்சொலியின் அலை சிறியது. அதற்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அது ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி எளிதில் பின்னால் போய்விடும். முன் அலையும் பின் அலையும் சேராமல் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை.

பாலக்காட்டை அடுத்த பெருவெம்பில் மிருதங்கமும் மத்தளமும் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோலின் பின்புறக் காற்று மரக்கட்டைக்குள் அடைபட்டிருக்கிறது. கட்டை இல்லாமல் வெறும் தோலைத் தட்டினால் அந்தக் கனம் வராது. காரில் அந்தக் கட்டையாக நாம் கதவையே ஆக்கிக்கொள்ளலாம்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. எல்லா ஸ்பீக்கர்களின் கூட்டல், கழித்தல் முனைகளும் ஒரே மாதிரி இணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஸ்டீரியோவிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று மாறியிருந்தால், வலதும் இடதும் சண்டையிட்டுக்கொண்டு பாஸ் மறைந்துபோகும்.

இரண்டாவது, கதவை அடைப்பது. உள் அலங்காரப் பலகையைக் கழற்றினால் இரும்புத் தகட்டில் பெரிய ஓட்டைகள் தெரியும். பல வண்டிகளில் அவற்றை மெல்லிய பாலிதீன் தாள்தான் மூடியிருக்கும். பின் அலை அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்து விடுகிறது. அலுமினியம் பூசிய பியூட்டைல் ஷீட்டால் அவற்றை இறுக மூடுங்கள். ஸ்பீக்கரின் அடியில் மரைன் பிளைவுட் வளையமும் சுற்றி ஸ்பாஞ்சுப் பட்டையும் வையுங்கள். சாதாரணப் பலகை இடுக்கி மழைக்குத் தாங்காது. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகள் சிலவற்றில் கதவுக்குள் உணரி இருக்கும். அவற்றில் பணிமனையைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, டிக்கி தனியாக உள்ள செடான் வண்டிகளுக்கானது. அம்பாஸடர் காலத்தில் பின் கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டில் நீள்வட்ட ஸ்பீக்கர் பொருத்துவார்கள் அல்லவா? அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றாலும் அந்த உத்தி இன்றும் நல்லதே. டிக்கி முழுவதும் பெட்டியாகிவிடுகிறது; சாமானும் வைக்கலாம். பின் சீட்டுக்குப் பின்னாலுள்ள இடைவெளிகளை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு "ஃப்ரீ ஏர்" வகை ஸ்பீக்கர் என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, ஸ்டீரியோவின் அமைப்பு. பாஸ் பூஸ்ட் பொத்தானை அணைத்துவிட்டு, ஹை பாஸ் வடிகட்டி இருந்தால் 60 அல்லது 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தன்னால் முடியாத அடி ஓசைக்காகக் கூம்பு வீணாக ஆடாமல், முடிந்ததைத் தெளிவாகத் தரும். பேஸ் கித்தாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். கதவு ஸ்பீக்கர் அதை முழுதாகத் தராது. ஆனாலும் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அடுத்தடுத்த மேல் ஓசைகளும் கேட்டால், விடுபட்ட சுருதியை நம் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. சினிமா வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டுமென்பவருக்குத்தான் இது போதாது.

இன்னொரு விஷயம். பாலக்காட்டு வெயிலில் ஏ.சி. போட்டுக் கண்ணாடி ஏற்றிய காரில் நிறைவாகக் கேட்கும் பாட்டு, மூணாறு குளிர்காற்றுக்காகக் கண்ணாடி இறக்கியதும் மெலிந்துவிடும். ஸ்பீக்கரில் கோளாறு ஒன்றுமில்லை. காரைவிட நீண்ட அலைக்கு உள்ளே ஓட இடமில்லை. ஆகவே மூடிய காரின் காற்று முழுவதையும் ஸ்பீக்கர் ஒரு பம்பு போல அழுத்தித் தளர்த்துகிறது. அதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை கூடுகிறது. கண்ணாடி திறந்தால் அந்த அழுத்தம் வெளியேறும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றி வரும் துணிக்கூரை ஜீப்புகளில் இந்த உதவி அறவே கிடையாது. எஞ்சின் இரைச்சலும் அடி ஓசையை மூடிவிடும். அங்கே எத்தனை பெரிய பெட்டி வைத்தாலும் பணம்தான் கரையும்.

பாட்டைவிடக் காது பெரிது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வரும் ஹாரன் காதில் விழ வேண்டும். பாதுகாப்பான அளவாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, வாரம் 40 மணி நேரத்திற்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட வேண்டும். இல்லையேல் வயர் உரசினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஆகவே புதிதாக எதையும் வாங்குமுன், ஒரு டார்ச் செல்லும் கொஞ்சம் பியூட்டைல் ஷீட்டும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இராது, கதவின் ஓட்டையில்தான் இருக்கும். டிக்கி அரிசி மூட்டைக்கே இருக்கட்டும்.