கடலிற் கொட்டிய சேறு

துறைமுகங்களைத் தூர் வாரி எடுக்குஞ் சேற்றைக் கரைக்கு அப்பாற் கொண்டுபோய்க் கடலிற் கொட்டுதல் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். கொட்டியபின் அது என்னாகின்றது? கடலிற் கரைத்த பெருங்காயமென்று விட்டுவிடுவாரே பலர். சேறோ பெருங்காயம் அன்று, அது கரைவதில்லை.

அடிப்புறந் திறக்குந் தோணியினின்று விழுஞ் சேறு துகள் துகளாய்ப் பிரிந்து மழைபோல் இறங்குமென்று எண்ணுதல் இயல்பு. உண்மை வேறு. நீரினுங் கனத்த ஒரே குழம்புத் திரளாய், சுற்றியுள்ள நீரையுந் தன்னுள் இழுத்துக்கொண்டு, 20 மீட்டர் ஆழத்தை அது ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும். அடியில் மோதியதும் தரையோடு தரையாய் வட்டமாகப் பரந்து, வேகமிழந்து படியும். நூற்றுக்கு ஐந்திற்கு உட்பட்ட சிறு பங்கே பெரும்பாலும் மேல்நீரிற் கலங்கி நிற்பது.

அச்சிறு பங்கின் கதையே நெடியது. நீரில் மெல்ல வீழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததென்று ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851-இல் நிறுவினார். விட்டம் பத்திலொன்றாயின் வேகம் நூற்றிலொன்றாம். 0.1 மில்லிமீட்டர் மணல் அதே 20 மீட்டரை ஒரு மணிக்குள் கடக்கும், 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஏறத்தாழ மூன்று நாள் வேண்டும், 0.002 மில்லிமீட்டர் களிமண்ணோ தனித்து நிற்பின் இரண்டு மாதம் அலையும். அதற்குள் நீரோட்டம் அதனை எங்கெங்குக் கொண்டுபோகாது! நல்லவேளையாகக் கடலின் உப்பு களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து விரைந்து வீழ்த்துகின்றது.

ஆயினும், படிந்துவிட்டால் போதுமென்று யாம் கூறத் துணியோம். நியூயார்க்குத் துறைமுகச் சேறு பல்லாண்டுகள் நியூ ஜெர்ஸிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலிற் கொட்டப்பட்டது. சேறு அங்கே மேடாகத் தங்கியது. அதனொடு டயாக்சின் முதலிய நஞ்சுகளுந் தங்கின. 1997-இல் அவ்விடத்திற் கொட்டுதல் நிறுத்தப்பட்டு, மாசற்ற மண்ணைக் குறைந்தது 1 மீட்டர் கனத்திற்குப் பரப்பி மூடும் பணி தொடங்கிற்று. அத்துணைக் கனம் ஏனெனில், கடற்புழுக்களுஞ் சிப்பிகளும் தரையைத் துளைத்து அடிச்சேற்றை மேலே கொணர்வன. புழுவை மீனும், மீனை மனிதனும் உண்பர். மூடுமண்ணையும் ஒரேயடியாய்க் கவிழ்த்தல் ஆகாது. இளஞ்சேறு பிதுங்கி வெளிப்படும். சிறிது சிறிதாகவே தூவவேண்டும்.

மேடு பின்னும் அசையாதிருப்பதில்லை. தன் பாரத்தால் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து, மாதக்கணக்கில் அது தாழ்ந்துகொண்டே வரும். ஆழம் அளப்போர் இதனை நீரோட்டத்தின் அரிப்பென்று மயங்குதலும் உண்டு. ஆதலின் ஆழத்தை மட்டும் அளவாது, குழாயிறக்கி அடிமண்ணையும் எடுத்துப் பார்ப்பர்.